மெண்டலின் பட்டாணியும் டி.என்.ஏ.வும் ஏன் இரண்டு தனித்தனிப் பாடங்களாகவே தெரிகின்றன?

கேள்வி

வணக்கம். பள்ளி இறுதித் தேர்வுக்காக உயிரியல் படித்துக்கொண்டிருக்கிறேன். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரங்களே உள்ளன. மரபியலில் எனக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்றில் மெண்டல், பட்டாணிச் செடி, ஓங்குதன்மை, ஒடுங்குதன்மை, 3:1, 9:3:3:1 ஆகியவை வருகின்றன. மற்றொன்றில் டி.என்.ஏ.வின் அமைப்பு, இரட்டிப்பாதல், படியெடுத்தல், மொழிபெயர்த்தல் ஆகியவை வருகின்றன. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் வரையறைகளைப் பிழையின்றி எழுதிவிடுகிறேன். ஆனால் அண்மையில் எழுதிய மாதிரித் தேர்வில், "ஓங்கு அல்லீலுக்கும் ஒடுங்கு அல்லீலுக்கும் டி.என்.ஏ. அளவில் என்ன வேறுபாடு?" என்று ஒரு வினா வந்தது, அதற்கு என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக எத்தனையோ பன்னெட் கட்டங்களைப் போட்டிருக்கிறேன். அந்த எழுத்துகள் செல்லுக்குள் உண்மையில் எதைக் குறிக்கின்றன என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வேறு இரண்டு இடங்களிலும் தடுமாறுகிறேன். டி.என்.ஏ.வின் வார்ப்பு இழையைக் கொடுத்துத் தூது ஆர்.என்.ஏ.வை எழுதச் சொன்னால், சில நேரம் சரியாக வருகிறது, சில நேரம் முழுவதுமே தவறாகிவிடுகிறது. எதனால் என்று எனக்குப் புரியவில்லை. கிரிஃபித், ஏவரி, ஹெர்ஷே–சேஸ் ஆகியோரின் சோதனைகளும் எத்தனை முறை படித்தாலும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இருக்கும் நாள்களில் எதை முதலில் சரிசெய்வது என்று அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (உயிரியல் ஆசிரியர்)

நீங்கள் எழுத முடியாமல் விட்ட வினாதான் இந்த இரண்டு பாடங்களையும் இணைக்கும் வினா. ஆகவே அதிலிருந்தே தொடங்குங்கள். அதற்கான விடையை மெண்டலின் பட்டாணியே வைத்திருக்கிறது.

மெண்டல் ஆராய்ந்த ஏழு பண்புகளில் விதையின் வடிவமும் ஒன்று. உருண்டை விதைச் செடிகளையும் சுருங்கிய விதைச் செடிகளையும் கலந்தபோது முதல் தலைமுறை விதைகள் அனைத்தும் உருண்டையாக இருந்தன. அடுத்த தலைமுறையில் அவர் எண்ணியவற்றுள் 5,474 விதைகள் உருண்டையாகவும் 1,850 விதைகள் சுருங்கியும் இருந்தன. வகுத்துப் பார்த்தால் 2.96:1 வரும். 1866இல் இந்த முடிவுகளை வெளியிட்ட மெண்டலுக்கு டி.என்.ஏ.வைப் பற்றியோ குரோமோசோமைப் பற்றியோ எதுவும் தெரியாது. ஏதோ ஒரு காரணி பெற்றோரிடமிருந்து இரட்டையாக வந்து, இனச்செல்களில் ஒற்றையாகப் பிரிகிறது என்று எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அவர் முடிவுசெய்தார். அந்தக் காரணி டி.என்.ஏ.வில் எது என்பது 1990இல்தான் தெரியவந்தது.

பட்டாணி விதையில் சர்க்கரையைக் கிளைத்த ஸ்டார்ச்சாக மாற்றுவதற்கு ஒரு நொதி தேவை. அந்த நொதியைச் செய்வதற்கான டி.என்.ஏ. பகுதியே இங்கு நாம் பேசும் மரபணு. உருண்டை விதை அல்லீலில் அந்தப் பகுதி முழுமையாக இருக்கிறது. சுருங்கிய விதை அல்லீலில் அதன் நடுவே ஏறத்தாழ 800 கார இணைகள் நீளமுள்ள ஒரு துண்டு புகுந்துகொண்டதால், வேலை செய்யக்கூடிய நொதி உருவாவதில்லை. நொதி இல்லாத விதையில் ஸ்டார்ச் குறைந்து சுக்ரோஸ் மிகுந்துவிடுகிறது. சுக்ரோஸ் மிகுந்த விதைக்குள் சவ்வூடு பரவலால் நீர் அதிகமாகப் புகுந்து விதை பருத்துவிடுகிறது. பிறகு அது முற்றி உலரும்போது நீர் வெளியேற, பெரிதாக வளர்ந்த தோல் மட்டும் மிஞ்சிச் சுருங்குகிறது. டி.என்.ஏ. வரிசையில் ஏற்பட்ட ஒரு மாற்றம், நொதி, சர்க்கரை, நீர் என்று படிப்படியாக நகர்ந்து, கடைசியில் மெண்டலின் உள்ளங்கையில் இருந்த விதையின் வடிவமாகிறது. இதை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை.

இப்போது பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பொருள் வந்துவிட்டதல்லவா? குரோமோசோம் என்பது புரதங்களோடு சேர்ந்து சுருட்டி வைக்கப்பட்ட ஒரு நீண்ட டி.என்.ஏ. மூலக்கூறு, மரபணு என்பது அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உள்ள பகுதி, அல்லீல் என்பது அதே இடத்தில் அமையக்கூடிய, கார வரிசையில் வேறுபட்ட வடிவங்களுள் ஒன்று. ஓங்கு அல்லீல் ஒடுங்கு அல்லீலை "அடக்குகிறது" என்று எழுதும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்த மரபணுவில் எதுவும் எதையும் அடக்கவில்லை. கலப்புயிரியில் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருக்கின்றன. விதை உருண்டையாக இருப்பதற்கு அந்த ஒரு நல்ல பிரதி செய்யும் நொதியே போதுமானதாக இருக்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதினாலே நீங்கள் தவறவிட்ட வினாவின் மையம் கிடைத்துவிடும்.

அடுத்ததாக, இனச்செல்களை உருவாக்கும் குன்றல் பகுப்பை மெண்டலின் விதிகளோடு சேர்த்துப் படியுங்கள். பாடநூல் அதைத் தனியே வைத்திருப்பதால் மாணவர்களும் தனியே படித்துவிடுகிறார்கள். முதல் குன்றல் பகுப்பின் அனாஃபேஸில் ஒத்திசைவான குரோமோசோம்கள் எதிரெதிர்த் துருவங்களுக்குப் பிரிவதுதான் தனித்துப் பிரிதல் விதி. அதற்கு முந்தைய மெட்டாஃபேஸில் ஒவ்வோர் இணையும் மற்ற இணைகளைப் பொருட்படுத்தாமல் எந்தப் பக்கமாகவும் அணிவகுக்கலாம் என்பதுதான் சார்பின்றி ஒதுங்குதல் விதி. மனிதரில் 23 இணைகள் இருப்பதால், குறுக்கேற்றத்தை (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வதை) கணக்கில் கொள்ளாமலே, ஒருவரின் இனச்செல்லில் 2இன் 23ஆம் அடுக்கு, அதாவது 83,88,608 வகைச் சேர்க்கைகள் அமையலாம். இரு பண்புகளைச் சேர்த்துக் கலக்கும்போது கிடைக்கும் 9:3:3:1 எப்போது வராது என்று கேட்டால், இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கும்போது வராது என்று எழுதுங்கள். மார்கன் பழ ஈக்களில் கண்டறிந்த பிணைப்பு அதுதான்.

பதில் 2 (கல்லூரியில் உயிர்வேதியியல் படிப்பவர்)

உங்கள் இரண்டாவது சிக்கல் எனக்கும் இருந்தது. சில நேரம் சரியாகவும் சில நேரம் தவறாகவும் வருகிறது என்று நீங்கள் சொல்வதிலிருந்தே காரணம் தெரிகிறது: இழையின் திசையை நீங்கள் பார்ப்பதில்லை. வினாவில் இழை 3' முனையிலிருந்து தொடங்கினால் உங்கள் விடை தானாகவே சரியாகிவிடுகிறது. 5' முனையிலிருந்து தொடங்கினால் தவறிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வார்ப்பு இழை 3'-டிஏசி சிடிசி ஜிஜிஏ ஏடிடி-5' என்று கொடுக்கப்பட்டால், தூது ஆர்.என்.ஏ. 5'-ஏயுஜி ஜிஏஜி சிசியு யுஏஏ-3' என்றாகும். அதை மொழிபெயர்த்தால் மெத்தியோனின், குளுட்டாமிக் அமிலம், புரோலின், பிறகு நிறுத்தம். இதே வார்ப்பு இழையை வினாவில் 5'-டிடிஏ ஏஜிஜி சிடிசி சிஏடி-3' என்றும் எழுதலாம். இது வேறொரு மூலக்கூறு அன்று. அதே இழை மறுமுனையிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். திசையைக் கவனிக்காமல் இடமிருந்து வலமாக இணைத்துக்கொண்டு போனால், முதல் குறியனாக (ஓர் அமினோ அமிலத்தையோ நிறுத்தத்தையோ குறிக்கும் மூன்று காரத் தொகுதியாக) ஏஏயு வந்து நிற்கும். தொடக்கக் குறியனான ஏயுஜியைக் காணாமல் திகைக்க நேரும். எனவே இழையின் இரு முனைகளையும் வட்டமிட்டுவிட்டு, தேவைப்பட்டால் 3' முனை இடப்பக்கம் வருமாறு திருப்பி எழுதிக்கொண்டு, அதன் பிறகே இணைக்கத் தொடங்குங்கள். குறியீட்டு இழையை, அதாவது வார்ப்பு இழையின் இணை இழையை, கொடுத்திருந்தாலோ வேலை இன்னும் எளிது: தைமின் உள்ள இடங்களில் யுராசிலை எழுதினால் போதும். எந்த இழையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று வினாவை இருமுறை படியுங்கள். நான் இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் போனதால்தான்.

மேலே உள்ள சிடிசி என்ற மும்மை சிஏசி என்று மாறினால் தூது ஆர்.என்.ஏ.வில் ஜிஏஜி இருந்த இடத்தில் ஜியுஜி வரும்; குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் சேரும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்தில் நிகழும் இதே மாற்றம்தான் கதிர் அரிவாள் இரத்தசோகைக்குக் காரணம்.

மூன்று சோதனைகளைப் பொறுத்தவரை, ஒவ்வொருவரும் எந்தக் கேள்வியோடு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார் என்று நினைவில் வைத்துக்கொண்டால் அவை கலக்கமாட்டா. 1928இல் கிரிஃபித், வெப்பத்தால் கொல்லப்பட்ட நோயுண்டாக்கும் பாக்டீரியாக்களையும் உயிருள்ள தீங்கற்ற பாக்டீரியாக்களையும் ஒன்றாக எலிகளுக்குள் செலுத்தினார், எலிகள் இறந்தன, அவற்றின் உடலில் நோயுண்டாக்கும் பாக்டீரியாக்கள் உயிருடன் இருந்தன. இறந்தவற்றிலிருந்து ஏதோ ஒரு பொருள் உயிருள்ளவற்றுக்குச் சென்று அவற்றை மாற்றியிருக்கிறது என்பதுதான் அவர் கண்டது. அது எந்தப் பொருள் என்று அவர் கூறவில்லை. அது எந்தப் பொருள் என்பதே ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி ஆகியோரின் கேள்வி. அவர்கள் அந்தச் சாற்றில் புரதத்தைச் சிதைத்தார்கள், ஆர்.என்.ஏ.வைச் சிதைத்தார்கள், மாற்றம் தொடர்ந்து நிகழ்ந்தது. டி.என்.ஏ.வைச் சிதைத்தபோது மட்டும் நின்றுபோனது. இது 1944இல் வெளியானது. அப்போதும் பலருக்கு ஐயம் தீரவில்லை, ஏனெனில் நான்கே வகைக் காரங்கள் கொண்ட டி.என்.ஏ.வைவிட இருபது அமினோ அமிலங்கள் கொண்ட புரதமே செய்தியைத் தாங்கத் தகுந்தது என்று அவர்கள் எண்ணினார்கள். 1952இல் ஹெர்ஷேயும் சேஸும், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் தன் எந்தப் பகுதியை உள்ளே செலுத்துகிறது என்று கேட்டார்கள். புரதத்தில் கந்தகம் உண்டு, டி.என்.ஏ.வில் இல்லை, டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் உண்டு, அந்த வைரஸின் புரத உறையில் இல்லை. ஆகவே கதிரியக்கக் கந்தகம்-35ஆல் புரதத்தையும் பாஸ்பரஸ்-32ஆல் டி.என்.ஏ.வையும் அடையாளமிட்டார்கள், பாக்டீரியாவுக்குள் சென்றது பெரும்பாலும் பாஸ்பரஸே. ஏன் கார்பனை அடையாளமிடவில்லை என்று கேட்டால், அது இரண்டிலுமே இருப்பதால் எதையும் பிரித்துக் காட்டாது என்று எழுதலாம்.

பதில் 3 (ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்)

முதல் பதிலில் ஆசிரியர் கூறிய பட்டாணி விளக்கம் மிகச் சரியானது. ஆயினும் அதை எல்லா மரபணுக்களுக்கும் பொருத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். "ஒடுங்கு அல்லீல் என்றால் பழுதான அல்லீல்" என்று மாணவர்கள் பொதுவிதியாக எழுதிவிடுவதை விடைத்தாள்களில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஹண்டிங்டன் நோயில் பழுதான அல்லீல்தான் ஓங்கு அல்லீல். சிஏஜி என்ற மும்மை 40 முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வரும்போது உருவாகும் புரதம் நரம்புச் செல்களுக்குத் தீங்கு செய்கிறது. மற்றொரு பிரதி நலமாக இருப்பதால் அந்தத் தீங்கு நின்றுவிடுவதில்லை. ஏ, பி, ஓ இரத்த வகையில் ஏ அல்லீலும் பி அல்லீலும் தத்தம் நொதியைச் செய்வதால், இரண்டும் உள்ளவரின் இரத்தச் சிவப்பணுவில் இரு வகைச் சர்க்கரைகளும் காணப்படுகின்றன; அதனால் அவை இணை ஓங்குதன்மை கொண்டவை. ஓ வகைக்குரிய அல்லீல் ஒடுங்குதன்மை கொண்டதாக இருந்தும் உலகின் பல மக்கள் கூட்டங்களில் அதுவே மிகுதியாகக் காணப்படுகிறது. ஹண்டிங்டன் அல்லீல் ஓங்குதன்மை கொண்டதாக இருந்தும் மிக அரிதானது. ஓங்குதன்மை என்பது கலப்புயிரியின் தோற்றத்தைப் பற்றிய சொல்லே அன்றி, எது எவ்வளவு பேரிடம் உள்ளது என்பதைப் பற்றிய சொல் அன்று.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டாணி விளக்கத்தைப் புத்தகத்தைப் பார்க்காமல் என் சொற்களில் எழுதிப் பார்த்தேன். முதன்முறையாக எங்கும் தடைபடாமல் எழுத முடிந்தது. ஆனால் அதை எழுதும்போது ஒரு புதிய ஐயம் வந்தது. கதிர் அரிவாள் இரத்தசோகையில் ஒரே ஒரு காரம் மாறுகிறது, ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. ஒரு காரம் விடுபட்டுப்போனால் மட்டும் புரதம் முழுவதும் கெட்டுவிடும் என்கிறார்களே, அது ஏன்? கூடவே ஒரு கணக்கும் உண்டு. கணவனும் மனைவியும் நலமாக உள்ளனர். இருவரின் பெற்றோரும் நலமாக உள்ளனர். ஆனால் இருவருக்கும் தலா, உடற்குரோமோசோம் (பால் குரோமோசோம் அல்லாதது) சார்ந்த ஓர் ஒடுங்கு நோயுள்ள உடன்பிறப்பு ஒருவர் இருக்கிறார். பிறக்கும் குழந்தைக்கு நோய் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்று கேட்கிறார்கள். நான் 1/2 × 1/2 × 1/4 = 1/16 என்று போட்டேன்; விடைக்குறிப்பில் 1/9 என்று இருக்கிறது.

பதில் 4 (கல்லூரியில் உயிர்வேதியியல் படிப்பவர்)

விடுபடுதலைப் பற்றி: குறியன்களுக்கு இடையே இடைவெளியோ முற்றுப்புள்ளியோ கிடையாது, புரதத்தைச் செய்யும் ரைபோசோம் தொடங்கிய இடத்திலிருந்து மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு போகிறது. எல்லாச் சொற்களும் மூன்றெழுத்தாக அமைந்த ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "அவள் கதவை மூடிய பிறகு எழுது." இதில் ஐந்தாம் எழுத்தான "த"வை "ன" ஆக்கினால் "அவள் கனவை மூடிய பிறகு எழுது" என்றாகும், ஒரு சொல்லின் பொருள் மட்டும் மாறியது, மற்றவை அப்படியே உள்ளன. மாறாக, இரண்டாம் எழுத்தான "வ"வை நீக்கிவிட்டு மீண்டும் மூன்று மூன்றாகப் பிரித்தால் "அள்க தவைமூ டியபி றகுஎ ழுது" என்றாகும். ஓர் எழுத்து போனதற்கு, அதன் பின் வந்த ஒவ்வொரு சொல்லும் சிதைந்தது. சட்டக நகர்வு என்பது இதுதான். மூன்று காரங்கள் சேர்ந்து விடுபட்டால் என்ன ஆகும் என்று இதே வாக்கியத்தில் மூன்று எழுத்துகளை நீக்கிப் பாருங்கள். சேதம் ஏன் குறைவு என்பது உடனே தெரியும்.

பதில் 5 (உயிரியல் ஆசிரியர்)

கணக்கில் உங்கள் முறை சரியானது. தொடக்க எண்தான் தவறு. உடன்பிறப்புக்கு நோய் இருப்பதாலும் பெற்றோர் நலமாக இருப்பதாலும், பெற்றோர் இருவரும் கலப்புயிரிகள் என்பது உறுதி. அவர்களுக்குப் பிறப்பவர்கள் 1:2:1 என்ற விகிதத்தில் அமைவர். நோயின்றிப் பிறப்பவர் நோய்க்கடத்தியாக (நோய் அல்லீலின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவராக) இருக்க நான்கில் இரண்டு வாய்ப்புகள் என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். ஆனால் கணவன் நலமாக இருக்கிறார் என்று வினாவே சொல்லிவிட்டது. எனவே நோயுள்ள நான்காவது வாய்ப்பைக் கட்டத்திலிருந்து அடித்துவிட வேண்டும். எஞ்சிய மூன்றில் இரண்டு கடத்தி, அதாவது 2/3. மனைவிக்கும் அதே 2/3. இருவருமே கடத்திகளானால் குழந்தைக்கு நோய் வர 1/4. பெருக்கினால் 4/36, அதாவது 1/9.

இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை ஒன்றை எடுத்தால் அது தூய கால்வழியாக இருக்க நிகழ்தகவு என்ன என்று கேட்டாலும் இதே வழிதான். 1/4 அன்று, 1/3. மெண்டல் அதையும் சோதித்துப் பார்த்தார். இரண்டாம் தலைமுறையின் உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்துத் தன்மகரந்தச் சேர்க்கை செய்யவைத்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டும் தந்தன, 372 செடிகள் இரு வகை விதைகளையும் தந்தன. 193ஐ 565ஆல் நீங்களே வகுத்துப் பாருங்கள்.